குமிழ் கிளம்பிய இடம்

திருத்தணியில் தங்கவேலைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லாத தெரு இல்லை. பால் பாக்கெட்டைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். குணத்துக்கு ஏற்ற வேலையும் அமைந்தது: ஏரிக்கு அடியில் ஊருக்கு வரும் குடிநீர்க் குழாயில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது. இருபது வருடமாக ஒப்பந்த வேலை.

இந்த ஆனியில் மலையடிவாரத் தெருக்களுக்குத் தண்ணீர் நூலாக வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மூன்றே வாரம். காவடிக் கூட்டம் வந்தால் என்ன செய்வது என்று பொறியாளர் அனிதா பதறினார். தங்கவேல் பதறவில்லை. ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கியதால் கரையில் மற்ற நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, அக்கா ரஞ்சிதத்தின் கணவர் பிரகாஷின் கரும்பு மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

“கரும்பு ஜோரா கீதே பாவா. தண்ணி எங்கேர்ந்து?”

“புதுசா போர் போட்டோமே, மச்சான்.”

“ஆங்... யாருக்கும் வராத தண்ணி உங்களுக்கு மட்டும் வருதா?”

பாவா குழாயைத் துளைத்துவிட்டார் என்று அனிதாவிடம் அன்றே சொல்லிவிட்டார். நிரூபணமானால் போலீஸில் புகார் கொடுப்பதாக அனிதா சொன்னார். சேதி கேட்டு ரஞ்சிதம் ஓடிவந்தாள்.

“என் ஊட்டுக்காரர ஜெயிலுக்கு அனுப்பிட்டு, எந்த மூஞ்ச வச்சிக்கினு என் வாசப்படி மிதிப்ப?”

“யாரு செஞ்சாலும் தப்பு தப்புதாங்க்கா.”

மறுநாள் காலை இருபக்க வால்வையும் மூடி, கம்பிரசரால் குழாய்க்குள் காற்றை ஏற்றினார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். கரையோரமாக, நேரே அந்தக் கரும்புக்கு எதிரில் கிளம்பியது. பிரகாஷின் முகம் வெளிறியது. தங்கவேலுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைக்கக்கூட இல்லை.

மூச்சைப் பிடித்து முங்கினார். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது, கையால்தான் பார்க்க வேண்டும். திருட்டுக் குழாயைத் தேடிய விரல்களில் மெத்தென்று ரப்பர் பட்டது. இற்றுக் கிழிந்த சைக்கிள் டியூப்; காற்று அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதன்மேல் கட்டுக்கம்பி, இடப்பக்கமாக முறுக்கியது. இந்த வேலையில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன், கிருத்திகை அவசரத்தில் ஓட்டையை அடைக்க அவரே கட்டியது. திருவிழா முடிந்ததும் நிரந்தரமாக இரும்புக் கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். மழை வந்து ஏரி நிரம்பியது, மறந்துபோனார். ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன், தன்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவிழ்த்துச் சேற்றில் புதைத்துவிடலாமா? மூச்சு முட்டும்வரை யோசித்தார். தலையை வெளியே நீட்டியபோது, தூக்கிவிடக் கை நீட்டியவர் பிரகாஷ்தான்.

“மெதுவா மச்சான், வழுக்கும்.”

“யார் வேலைங்க?” என்றார் அனிதா. ரஞ்சிதம் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்த கையை விடாமல் தங்கவேல் சொன்னார்: “என் வேலைதான், மேடம். பாவா ஒண்ணும் பண்ணல.”