பச்சைத் தோலுக்கு அடியில் என் கணவர்

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். சிரித்த முகத்தோடு சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். என் கணவர் தாவீது, தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். இங்கே வேலை கம்மியானதும் ஆப்பிரிக்காவில் ஒரு டேனரிக்குப் போனார். எங்கள் தெரு ரஹீம் பாயும் கூடப் போனார். போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், தீவிரவாதிகள் துப்பாக்கியோடு அந்த ஊருக்குள் புகுந்தார்கள். உயரமான மதில் இருந்ததால் டேனரியைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையில் இருந்த எல்லாரையும், பதனிடாத பச்சைத் தோல் வைக்கும் குடோனில் தள்ளினார்கள். ராணுவம் உள்ளே வந்தால் ஒருத்தரையும் உயிரோடு விட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன். ரஹீம் பாயின் மனைவி பாத்திமா என் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொள்கிறாள். "டிவிய போடுக்கா, டிவிய போடு!" எனக்கு டிவிதான் சொன்னது. வேறு யாரும் சொல்லவில்லை.

வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் போனை அணைத்துவிட்டான். அதிகாரி ஒருவர், "பொறுமையா இருங்கம்மா, பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். பொறுமையாம் பொறுமை! அவர் வீட்டு ஆளைக் குடோனில் அடைத்தால் தெரியும் பொறுமை. மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தன், "இப்ப உங்க மனநிலை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். செருப்பைக் கழற்றினேன். ஓடிவிட்டான்.

நம் சபையிலும் சொன்னீர்களே. "சகோதரி, தேவ சித்தம் எதுவோ அது நடக்கும்." சொன்னவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சித்தம் என்று சும்மா இருப்பீர்களா, வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்களா?

எனக்கு ராணுவம் என்றாலும் பயம், ராணுவம் வரவில்லை என்றாலும் பயம். ராணுவம் சுட ஆரம்பித்தால் முதலில் விழுவது உள்ளே இருக்கிறவர்கள்தானே. பாத்திமா பிள்ளைகளோடு என் வீட்டிலேயே இருந்தாள். அந்த அறையில் அவள் தொழுதாள். இந்த அறையில் நான் முட்டி போட்டுக் கர்த்தரோடு சண்டை பிடித்தேன். நீர் என்று சொல்லிப் பழகிய வாயில் நீ என்றுதான் வந்தது. "எனக்கு ஆறுதல் வேணாம், என் புருஷன் வேணும். அவனுங்க கண்ணு அவிஞ்சி போவணும். ஆள அனுப்பு, இல்லன்னா நீயே எறங்கி வா!" என் சத்தத்தில் பாத்திமாவின் சின்ன மகன் பயந்து அழுதான். அப்படியும் நான் குரலைக் குறைக்கவில்லை.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். குடோனில் மாட்டுத்தோல் உப்பு போட்டு அடுக்கியிருந்தது. உப்பு இருக்கும்வரை தோல் தாங்கும். உப்பைக் கழுவிவிட்டு ஈரத்தோடு குவித்தால் வெயிலில் என்ன ஆகும் என்று ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? என் கணவரும் ரஹீம் பாயும் காவலுக்கு நின்ற தீவிரவாதிகளிடம் போய், தினமும் கழுவாவிட்டால் தோல் கெட்டுவிடும், அப்புறம் காசு தேறாது என்று தலைகீழாகப் பொய் சொன்னார்கள். அவர்களும் நம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ரெண்டு மூன்று நாளில் குடோன் முழுக்கப் புழு, ஈ, நாற்றம். காவலுக்கு நின்றவர்கள் வாந்தி எடுத்தார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு முன்கேட்டுக்கே போய்விட்டார்கள். ரஹீம் பாய் சொன்னாராம்: "தாவீது, இப்பதான்பா நம்ம ஊரு மாதிரி இருக்கு."

கடைசியில் அவர்களுடைய தலைவனே, இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று கத்தினான். டேனரிக் கழிவை அள்ளும் உள்ளூர் டிராக்டர்காரன் மூசாவை வரவழைத்தார்கள். என் கணவர் ட்ரெய்லரைக் காட்டினார், தோலைக் காட்டினார், தங்களைக் காட்டினார். மூசா தலையை ஆட்டினான். உள்ளே இருந்த அத்தனை பேரும் ட்ரெய்லரில் ஏறி நெருக்கிப் படுத்தார்கள். அழுகின தோலை மூசா மேலே இழுத்து மூடினான். புழு முகத்தில் ஊர்ந்தபோதும் ஒருத்தரும் இருமவில்லை.

கேட்டில் நின்றவன் ஒரு தோலையாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் "போ, போ" என்று விரட்டினான். நான் கண்ணை அவிக்கச் சொன்னேன், கர்த்தர் மூக்கைப் பிடித்தார். அவருக்கு என் யோசனை தேவைப்படவில்லை. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு உயிர் போகவில்லை. ஸ்தோத்திரம், கோடி ஸ்தோத்திரம்!

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். "அழாத மே, வந்துட்டேன் இல்ல" என்றார். நான் அழுதேன். பாத்திமா பிளாட்பாரத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தாள். அன்றிலிருந்து நான் கர்த்தரிடம் நடிப்பதில்லை. மனதில் இருப்பதை அப்படியே கொட்டுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். கோபத்தோடு போனாலும் அவர் கதவைச் சாத்துவதில்லை.

பேப்பரில் இந்தியர்கள் அனைவரும் பத்திரம் என்று போட்டார்கள். மூசாவைப் பற்றி ஒரு வரி இல்லை. ராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிவிட்டு அவன் டிராக்டரைத் திருப்பினான். அவன் மனைவியும் குழந்தையும் அந்த ஊருக்குள்ளே இருந்தார்கள். போகாதே என்று என் கணவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். அவன் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தவனை எப்படிக் கைவிட்டீர் என்று தினமும் கர்த்தரைக் கேட்கிறேன்.

அதனால் இந்தச் சாட்சியை முடித்துவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. எழுந்து நில்லுங்கள். தேவ சித்தம் என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். மூசா என்று பெயர் சொல்லி, கர்த்தரிடம் சத்தமாகக் கேளுங்கள்.