யார் வேண்டாமென்று சொன்னது

நடந்தவை, வரிசையாக:

1. எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளைக்கு ராவாங்கில் தொழிற்சாலை வேலை. அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடத் திருமணப் பத்திரம் வேண்டும் என்றார். தை மாதத்தில் கோல சிலாங்கூர் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வீட்டாரும் பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிட்டோம். பிறகு அவர் தம் வீட்டுக்குப் போனார். நான் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினேன்.

2. கோயிலில் தாலி கட்டுவது வைகாசியில் என்று முடிவு.

3. வைகாசியில் மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். ஆவணியில் அவருடைய அக்காவுக்குப் பிரசவ நேரம் என்றார்கள். ஐப்பசிக்குக் காரணமே சொல்லவில்லை.

4. அப்பா நேரில் கேட்கப் போனார். துணைக்கு எங்கள் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர் போனார்; எங்களுக்கு மாமா முறை. "ஆலையில ராத்திரி ஷிப்டுல ஆம்பளைங்களோட நின்னு எண்ணெய் பாக்குற புள்ள நமக்கு ஒத்து வராது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம், "எனக்கும் இஷ்டமில்ல மாமா" என்றார்.

5. மறுவாரம் அப்பா பரிசப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

6. தோட்டத்து ஒட்டுக்கடையில் டீ குடிக்க வந்து விசாரித்தவர்களிடம், "நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்றார்.

7. கோயில் தலைவர், எழுத்தில் இருந்தால் நல்லது என்றார். பட்டணத்தில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனோம். பெண் வீட்டார் தாங்களாகவே இந்தச் சம்பந்தத்திலிருந்து விலகுகிறார்கள் என்று அவர் மலாயில் தட்டச்சு செய்தார். நானும் அப்பாவும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டோம். ஒரு நகல் அவர்கள் வீட்டுக்குப் போனது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். தாலி ஏறாத கழுத்து, கல்யாணம் ஆகாத பெண். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பதிவு என்பது வீட்டு மனுவோடு சேர்த்துப் போடும் ஒரு தாள், அவ்வளவுதான். பெற்றோர் தலைமுறையில் கோயிலில் கட்டியதே சட்டத்துக்கும் போதுமாக இருந்தது. அந்தச் சட்டம் மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன.

நான் ஈப்போவில் தொழில்நுட்பம் படித்துவிட்டு, செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். எண்ணெயில் ஈரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று பார்ப்பது என் பொறுப்பு. எதையும் சரிபார்க்காமல் விட மனம் வராது. ஈஜோக்கில் ஒரு லோரி ஓட்டுநர் வீட்டிலிருந்து அடுத்த வரன் வந்தபோது, மனு எழுதுபவர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பிலிருந்த மலாய் அதிகாரி அதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மீண்டும் படித்தார். இந்தத் தாளால் எதையும் ரத்து செய்ய முடியாது, நீங்கள் இன்னும் இன்னொருவரின் மனைவி, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்.

சேர்ந்து வாழ்ந்தே இராத ஒருவரிடமிருந்து எனக்கு விடுதலை வேண்டியிருந்தது. வீட்டில் அதைச் சொன்னபோது அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கோயில்ல முடிஞ்சத ஏன் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போற?" என்றார் அப்பா.

"கோயில்ல தொடங்கவே இல்லியேப்பா. ஆபீஸ்லதான் தொடங்குச்சு."

"வக்கீலுன்னா கொல கேசுக்குத்தான் போவாங்க. நாம யாரக் கொன்னோம்?"

"இன்னும் இல்ல," என்றார் அம்மா. "இந்தப் புள்ள கல்யாணம் நின்னா நான் உங்களத்தான் கொல்லப் போறேன். எந்திரிச்சு சட்டையப் போடுங்க."

ஆலை அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஒரு பெண் வக்கீலைப் பற்றிச் சொல்லியிருந்தார். கிள்ளானில், ஒரு துணிக்கடையின் மேல்மாடி. குடும்ப வழக்குகளை மட்டும் பார்க்கும் தமிழ்ப் பெண்மணி. நான் எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இதை அப்புறம் படிக்கிறேன்மா. முதல்ல ஒரே ஒரு கேள்வி. கோயில் கல்யாணத்தை வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நாங்கதாம்மா," என்றார் அப்பா. ஒட்டுக்கடையில் சொல்லிச் சொல்லி அது அவர் வாயில் ஊறிப் போயிருந்தது.

வக்கீல் பேனாவை மூடினார். "அப்படின்னா ஐயா, உங்க மகளுக்கு நான் நினைச்ச வழி இல்ல."

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்துக்கள் பதிவு செய்துவிட்டு, கோயிலில் தாலி கட்டும்வரை சேர்ந்து வாழ்வதில்லை என்பது கோர்ட்டுக்குத் தெரியும். மாப்பிள்ளை கோயில் சடங்குக்கு வர மறுத்தால், அவர் குடும்ப வாழ்க்கையையே மறுத்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். ஆனால் மறுத்தது பெண் என்றால் அதே பெண் அதைக் கேட்க முடியாது. பதிவாகி இரண்டு வருடம் ஆகும்வரை பொறுத்து, விவாகரத்துக்குப் போக வேண்டும். அதற்கு அவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சுலபம். போடாவிட்டால் இழுபறிதான்.

"அவங்க போடுவாங்களா?" என்று கேட்டார்.

"போட மாட்டாங்க," என்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: அவ அப்படியே கெடக்கட்டும்லா, எம் மவனுக்குக் கோயில்ல வச்சு வேற பொண்ணக் கட்டி வச்சுக்கிறோம்.

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உண்மை எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் எங்களில் அந்த வீட்டுக்குப் போய் அதைக் காதால் கேட்டவர் அப்பாதான். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்பா தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"அவங்கதாம்மா வேணாம்னாங்க. பையனே சொன்னான். எம் பொண்ண ஒருத்தன் வேணாம்னுட்டான்னு நான் எப்படிம்மா தோட்டத்துல சொல்வேன்?"

"தோட்டத்துல சொல்ல வேணாம் ஐயா. ஜட்ஜ் முன்னாடி சொன்னா போதும்."

அப்போது நான் அந்தத் தட்டச்சுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்தபோதுதான் முதல்முறையாக வக்கீலின் முகம் மாறியது.

"இது அவங்க கையிலயும் இருக்கா?"

"இருக்கு."

"என்னாம்மா நீ, படிச்ச புள்ள. சத்தியம் பண்ணி, உனக்கு எதிரா நீயே எழுதிக் கொடுத்திருக்கியே." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. இதை அவங்க காட்டுறதுக்கு முன்னாடி நாமளே காட்டிடணும். ஏன் எழுதினீங்கன்னும் நாமளே சொல்லிடணும். ஐயா, நீங்க சாட்சிக் கூண்டில ஏறி நின்னு, மானத்துக்குப் பயந்து பொய் எழுதினேன்னு சொல்லணும். அதுல உங்களுக்கும் தொந்தரவு வரலாம், மறைக்க மாட்டேன். முடியுமா?"

அப்பா எழுந்து படியிறங்கினார். பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா அம்மாவிடம், "நான் சொல்றேன்னுட்டேன்னு அந்த வக்கீலம்மாகிட்ட இவளச் சொல்லச் சொல்லு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வக்கீலைத் தேடிப் போவது சண்டை போடுகிறவர்களின் வேலை என்று எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். எங்களுக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள் நிறையப் பேர்: கோயில் தலைவர், மண்டோர் மாமா, மனு எழுதுபவர். எல்லாரும் பெண் வீட்டின் மரியாதையைக் காப்பாற்றப் பார்த்தார்கள். வேண்டாமென்று சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் அவர்கள் காட்டிய மரியாதை. கையெழுத்துக்கு முன்னால் அந்த மேல்மாடிக்குப் போயிருந்தால் அந்தத் தாளே இருந்திருக்காது. பரிசோதனைக்கூடத்தில், மாதிரியை எடுக்கும்போதே அழுக்கு சேர்ந்துவிட்டால் பிறகு எத்தனை முறை சோதித்தாலும் சரியான விடை வராது. அதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

வக்கீல் கோர்ட்டில் போட்ட மனுவின் நகல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டத்தில் பேச்சு பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிடப் போனேன். ஒட்டுக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா, நீங்கதான் வேணாம்னீங்கன்னு கேள்விப்பட்டோம். கோர்ட்டுல வேற மாதிரி எழுதியிருக்காமே?"

"ஆமா," என்றார் அப்பா. "அவன்தான் வேணாம்னான். நான் பொய் சொன்னேன். ஒன் தேத்தண்ணி ஆறுது, குடி."

எழுந்து என்னோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போவதில்லை. வீட்டிலேயே குடிக்கிறார். அம்மா போடும் டீயில் சீனி குறைவு என்று குறை சொல்கிறார்.

இப்போது நிலைமை இது. எதிர்த்தரப்பு வக்கீல் வைத்து, நாங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாளையே பதிலாகக் கொடுத்திருக்கிறது. மண்டோர் மாமாவின் பேத்திக்கு அந்த ராவாங் மாப்பிள்ளை வீட்டாரின் சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள். அதனால் சாட்சிக்கு வர முடியாது என்றுவிட்டார். ஈஜோக் வீட்டார் காத்திருக்கவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாட்சி அப்பா ஒருவர்தான். விசாரணைக்கு நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. சட்டப்படி நான் இன்னும் அந்த ராவாங்காரரின் மனைவி.