இழுப்பு நின்ற மத்தியானம்

சிவப்பு ரப்பர் குழாயின் வாசனை... அதோடு கொஞ்சம் டெட்டால்.

சங்கரன்கோவிலில் நான் முதன்முதலாக டாக்டர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரி என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம். எதிர்வரிசை முழுக்க விசைத்தறி. ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் காதில் விழுவது மூச்சா, தறியா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். சந்தேகம் என் கூடப்பிறந்தது.

ஒரு மத்தியானம். பெரிய டாக்டர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு கேஸ் பார்க்கப் போயிருந்தார். குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. மல்லாந்து கிடந்தவரின் தொண்டையில் கர்கர் என்று ஓர் இழுப்பு. கூடவே பாதி ஊர் வந்திருந்தது.

நான் ஆக்சிஜன் சிலிண்டரின் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள், அவருடைய மைத்துனர் டீக்கடையிலிருந்து ஒரு தம்ளர் பால் வாங்கி வந்துவிட்டார்.

"ஏலே, அழுகையெல்லாம் பெறவு. இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஆளுக்கு ஒரு சொட்டு விட்டு அனுப்பி வைங்க."

முதல் கரண்டி உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, பால் விடாதீங்க... மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீரு நேத்துப் படிச்சிட்டு வந்தவரு. நாங்க எத்தனை சாவு பாத்திருக்கோம் வே!"

எங்கிருந்து தைரியம் வந்ததோ... நோயாளியைப் பிடித்து ஒருக்களித்துப் புரட்டினேன். பால் கடைவாய் வழியே ஒழுகியது. துணி சுற்றிய விரலால் துடைத்துவிட்டு, தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தேன். பின்னால் விழுந்து வழியை அடைத்திருந்த நாக்கு விலகியது. இழுப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

அவ்வளவுதான். அறை முழுக்க ஓலம். சத்தம் நின்றதால் உயிரும் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

"பாவி, புரட்டிப் போட்டுக் கொன்னுட்டானே!"

மைத்துனரின் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. தாடையை விட்டால் அவருக்கு மூச்சு அடைக்கும். விடாவிட்டால் எனக்கு அடி விழும். ஒருவேளை உண்மையிலேயே போய்விட்டாரோ என்று எனக்கும் சந்தேகம்.

"அம்மா, மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாருங்க" என்று தலைமாட்டில் நின்ற விவசாயியின் மனைவியிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி.

வைத்தார்.

"ஏ... சூடா வருதே! மூச்சு விடுதாவ!"

அழுதவர்கள் எல்லோரும் முண்டியடித்து வந்து கை வைத்துப் பார்த்தார்கள். காலர் தானாக விடுபட்டது. நான் ஆக்சிஜனைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, நாக்கைச் சப்புக்கொட்டி, மாஸ்கை விலக்கினார்.

"எவம்ல வாயில பால ஊத்துனது? சீனி கூடப் போடலியே..."

மைத்துனர்தான் முதலில் சிரித்தார்.

சாயங்காலம் வராந்தாவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தார்கள். "டாக்டரே, நீரும் வாரும்" என்றார்கள். கூச்சத்தில், சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, நான் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்குப் போய்விட்டேன். உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது எனக்கே மூச்சிரைப்பு. மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும். விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டிவிடுகிறது. தினமும் காலையில் தவறாமல் பார்க்கிறேன்.

எண் நன்றாகத்தான் இருக்கிறது... எவ்வளவு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.