இடம்: ஜன்னல் ஓரம்

நுவரெலியாவில் நான் படித்த பாடசாலையில் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு விஞ்ஞானமும் அவர்தான் படிப்பித்தார். அவருடைய அறையில் பேர்ன் என்கிற பூக்காத செடி ஒன்று இருந்தது. கறுப்பு நூலை முறுக்கியது போன்ற தண்டு. கொத்தமல்லியைப் போன்ற சின்னச் சின்ன இலைகள். பகலில் ஜன்னல் ஓரத்தில் இருக்கும். பொழுது சாயத் தொடங்கியதும் டீச்சர் தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, கணப்பு அடுப்புக்கு நான்கடி தள்ளிக் கிடந்த மேசையில் வைப்பார். பக்கத்துச் சுவரில் ஒரு பாரன்ஹீட் வெப்பமானி. அது அறுபதுக்குக் கீழே இறங்கவும் கூடாது, எழுபத்தைந்துக்கு மேலே ஏறவும் கூடாது. எங்களில் யாராவது தடிமன் பிடித்துத் தும்மினால்கூட டீச்சர் இவ்வளவு கவலைப்பட மாட்டார் என்று நாங்கள் கதைத்துச் சிரிப்போம்.

மார்கழி விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இதை எங்கட ஊருக்குக் கொண்டு போனா ரெயில் புழுக்கத்திலையே வாடிப் போடும். இஞ்சை பூட்டின அறைக்குள்ளை விட்டா குளிரிலை செத்துப் போடும். உம்மட வீடு றொசல்லையிலை தானே? அங்கை இவ்வளவு குளிர் இல்லை. நீர் கொண்டு போய்ப் பாக்கிறீரே?"

வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். விஞ்ஞானத்தில் முதலாவது நான்தான். ஆகவே என்னைக் கேட்டது சரிதான் என்று எனக்குப் பட்டது. "பாக்கிறேன் டீச்சர்" என்றேன். தொட்டியோடு வெப்பமானியையும், கோடு போட்ட ஒரு கொப்பியையும் தந்தார். பக்கத்துக்கு நான்கு கட்டம்: நாள், காலை, மாலை, இடம்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதை நான் மறந்ததுமில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. ஆனால் விடுதியில் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டிருந்தேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "தோட்டத்துல" என்று மட்டும் சொல்வேன். நான் நிமிர்ந்து நடக்கிற நடையைப் பார்த்து, கணக்கப்பிள்ளையின் மகள், தோட்டத்து உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் இருப்பவள் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அப்பா கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான்களைத் துப்புரவு செய்வது அவர் வேலை. எங்கள் வீடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் ஒரே அறையான ஒரு காம்பரா, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற திறந்த திண்ணை. வாசல் ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது.

றொசல்ல ஸ்டேஷனுக்கு அப்பா வந்திருந்தார். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நான் மார்போடு அணைத்திருந்த தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி இது?"

"பேர்ன், அப்பா. டீச்சரோட செடி."

"நாள் முழுக்க கானுல இதைத்தானே வெட்டி வீசுறேன். கங்காணி இன்னும் கெடக்கு, இன்னும் கெடக்குன்னு கத்துறான். நீ ரயிலேத்திக் கொண்டாந்திருக்கே."

"இது வேற வகைப்பா."

"அப்படியா? மொதல் வகுப்புல வந்துச்சோ?"

வீட்டில் அம்மா இலையைக் கிள்ளி மோந்து பார்க்கப் போனார். "கொத்தமல்லி இல்லையா? ரசத்துக்கு ஆகாதா?"

"தொடாதம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்று தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். வெப்பமானி எண்பத்தெட்டுக்கு ஏறியது. விடிவதற்குள் புகையில் இலை நுனிகள் சுருண்டுவிட்டன. மறுநாள் இஸ்தோப்பில் வைத்தேன். காலையில் பார்த்தால் ஐம்பத்துநாலு. இலைகள் துவண்டு கிடந்தன. டீச்சரின் அறையில் அடுப்புக்கும் குளிருக்கும் நடுவே நான்கடி இடம் இருந்தது. எங்கள் காம்பராவில் அந்த நான்கடியில் நாங்கள் ஐந்து பேர் படுத்திருந்தோம். மூன்றாம் நாள் காம்பராவின் நடுவிலேயே வைத்துவிட்டேன். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக இருட்டோடு எழும்பிய அப்பா தொட்டியில் இடறி விழப் பார்த்தார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் மாட்டுப்பட்டியில், மாட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒரு உறி கட்டித் தொங்கவிட்டுவிட்டார்.

நான் ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். "டீச்சர் செடிய மாட்டோட கட்டுறியாப்பா?"

"மாடு ஒண்ணும் சொல்லல. நீதான் கத்துற. மனுசன் காலு நீட்ட எடம் வேணாமா?"

அவர் செய்தது பிழை என்று காட்டுவதற்காகவே வெப்பமானியை அங்கே கொண்டு போய் மாட்டினேன். வெளியே இஸ்தோப்பில் ஐம்பத்தைந்து இருந்த காலை நேரத்தில் பட்டிக்குள் அறுபத்துநாலு காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அறுபத்துநாலுதான். மத்தியானம் அறுபத்தெட்டு. மழை அடித்த இரவிலும் அறுபத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. பசுவின் உடம்புச் சூடு, அதன் மூச்சின் ஈரம், சாணத்தின் வெதுவெதுப்பு, வாசலில் தொங்கிய சாக்கு வழியாக வந்த மங்கிய வெளிச்சம்: அந்தச் செடிக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. ஒரு வாரத்தில் மண்ணிலிருந்து சின்னச் சுருள்கள் எழும்பின.

அதற்குப் பிறகு அது அப்பாவுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. காலையில் நான் பட்டியிலிருந்து வரும்போது தேத்தண்ணிக் கோப்பையோடு கேட்பார்.

"மாட்டுக்குக் காய்ச்சல் எம்புட்டு?"

"அறுபத்து நாலுப்பா."

"அப்ப பொழச்சுக்கும்."

அளவுகளைக் கொப்பியில் எழுத உட்கார்ந்த முதல் நாள், நாளையும் காலையையும் மாலையையும் நிரப்பிவிட்டு, நான்காவது கட்டத்தில் பேனை நின்றது. 'மாட்டுப்பட்டி' என்று எழுதினால் டீச்சர் என்ன நினைப்பார்? விடுதியில் எத்தனை வாய்க்கு அது போகும்? 'ஜன்னல் ஓரம்' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். அளவுகளில் நான் ஒரு பாகைகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அதனால் நான் எழுதியது பொய்யே இல்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்து இருக்கிற எதைக் கண்டாலும் என்னை வாசித்துக் காட்டச் சொல்வார். சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு, மருந்துப் போத்தலில் ஒட்டிய தாள், எதுவானாலும் சரி. கொப்பியையும் வாசிக்கச் சொன்னார். நாளைச் சொன்னேன், காலை அளவைச் சொன்னேன், மாலை அளவைச் சொன்னேன். கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று அம்மா மாட்டின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்த கையோடு தொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். "இதுவும் இந்தப் பட்டியில வளந்ததுதானே" என்றார். மறுநாள் நான் பாடசாலைக்குத் திரும்பினேன். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலையாகக் குழாயடியில் அந்தப் பொட்டைக் கழுவினேன். குங்குமம் போய்விட்டது. மஞ்சள் முழுவதும் போகவில்லை.

டீச்சர் செடியைக் கண்டு கன்னத்தில் கை வைத்தார். புதிதாக ஏழு தண்டுகள் வந்திருந்தன. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"கணப்பு இல்லாமலே ஜன்னல் ஓரத்திலை அறுபத்து நாலோ?"

"ஆமா டீச்சர்."

"நான்தான் வீணா ஒவ்வொரு நாளும் தூக்கிக் கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஒரே இடத்திலை நிக்கத்தான் இதுக்கு விருப்பம் போலை."

வகுப்பில் என்னை எழுப்பி, எப்படிப் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். இல்லாத ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலையும் போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து டீச்சர் செடியை இரவிலும் ஜன்னல் ஓரத்திலேயே விட்டார். வெப்பமானி பழையபடி கணப்புப் பக்கத்துச் சுவரில்தான் தொங்கியது. எனக்குத் தெரியும். மாலையில் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பக்கத்தில் அது நிற்பதைப் பார்த்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாட்கள் போயின. அடுத்த மாதம் உறைபனி விழுந்தது. காலையில் எழுந்தபோது புல்தரை உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடந்தது. நான் படுக்கையை மடிக்காமல் டீச்சரின் அறைக்கு ஓடினேன்.

செடி வெந்த கீரையைப் போலக் கறுத்து, தொட்டியின் விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. டீச்சர் கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை கூட்ட வந்த இரண்டு பிள்ளைகள் விளக்குமாறோடு வாசலில் நின்றார்கள்.

"நான் என்னவோ பிழை விட்டிட்டன்" என்றார் டீச்சர். மடியில் என் கொப்பி திறந்திருந்தது. "உம்மட வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

கிழக்கு என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் தன்னுடைய மேற்கு ஜன்னலைக் குறை சொல்லிவிட்டு விட்டிருப்பார். என் பேரும் கெட்டிருக்காது. ஆனால் அவர் தன் மேல் பிழை போட்டுக்கொண்டு, இன்னும் என் எழுத்தை நம்பி விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல ஜன்னலே இல்ல டீச்சர்" என்றேன். "லயத்து வீடு. செடி மாட்டுப்பட்டியில இருந்துச்சு."

வாசலில் நின்ற பிள்ளைகள் இருவரும் ஒரு அடி உள்ளே வந்தார்கள்.

"அப்ப நீர் எழுதின அளவெல்லாம்?"

"அளவெல்லாம் உண்மை டீச்சர். இடம் மட்டும் பொய்."

"இடம் பொய்யெண்டால் அளவை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அவர் சத்தம் போடவில்லை. பேனையை எடுத்துத் தந்து, மேசையைக் காட்டினார். நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக 'ஜன்னல் ஓரம்' என்பதை வெட்டி, மேலே 'மாட்டுப்பட்டி' என்று எழுதினேன். இருபத்தொன்பது தடவை. முதல் ஐந்தாறு வரிகளில் எழுத்து கோணிப் போனது. பிறகு என்னுடைய வழக்கமான எழுத்தாகிவிட்டது. எழுதி முடிப்பதற்குள் அந்த இரண்டு பிள்ளைகளும் விடுதி முழுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். அதற்குப் பிறகு வந்த கேலிகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு வாரம் டீச்சர் என்னோடு பேசாமல் இருந்ததுதான் அவற்றைவிடக் கடினமாக இருந்தது.

கறுத்த தண்டுகளையெல்லாம் அவர் மண் மட்டத்துக்கு வெட்டிவிட்டார். இரண்டு மாதத்தில் ஒரேயொரு சுருள் தலை காட்டியது. சித்திரை விடுமுறைக்கு முதல் நாள் தொட்டியையும் கொப்பியையும் மறுபடி என் கையில் தந்தார். "பட்டியிலை வையும்" என்றார்.

"தலைய மொட்டை அடிச்சுட்டாங்களா? பள்ளிக்கூடத்துலயும் கான் வெட்டுறவங்க இருக்காங்களா?" என்று அப்பா ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவரே உறியைத் தேடி எடுத்துக் கட்டினார்.

பிறகு கொப்பியை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார். எழுத்துத் தெரியாவிட்டாலும் வெட்டிய கோடுகள் அவருக்குத் தெரிந்தன.

"ஏன் தாயி, கடைசியில எல்லாம் இம்புட்டு அடிச்சிருக்கு?"

"டீச்சர் திருத்தச் சொன்னாங்கப்பா."

"எண்ணு தப்பாயிருச்சா?"

"ஆமாப்பா."

"திருத்திட்டியில்ல? அப்ப சரி" என்று கொப்பியைத் தந்துவிட்டார்.

எண்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை. விடுதியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஒன்றை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையால் கட்டிய பட்டி அது.

இப்போது நானும் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வெப்பமானியைப் பார்த்து எழுதும்போது இடத்தை முதலாவது கட்டத்தில் எழுதச் சொல்கிறேன். நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அப்பாவுக்குத் தெரியும். எதைப் பற்றி என்று கேட்டார். மாட்டுக்குக் காய்ச்சல் பார்த்த கதை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அச்சாகி வந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். இந்த முறை எந்தக் கட்டத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும்.