கை தூக்கும் ஓணான்

சேர்ந்திருந்தால்தான் சந்தோஷம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த வருடங்களில் என் மனுசன் யாழ்ப்பாணத்தில், நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில். குடும்பத்தைக் கூப்பிட, அகதியாக வந்த நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகன் அதிகாரிகளிடம் அசையாமல் கிடந்தன. ஆனாலும் சொல்கிறேன், இரண்டு தாடி ஓணான்களை ஒரே பெட்டியில் போடுவது அநியாயம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மேல்வீட்டு டேனிஷ் கிழவர் விடுமுறைக்குப் போகும்போது தன் கண்ணாடிப் பெட்டியை எங்களிடம் விட்டுப் போனார். உள்ளே ஒரு பெரிய ஓணான், ஒரு சிறியது. இரண்டுக்கும் கழுத்தில் முள்ளுத்தாடி. "பிரிக்காதே, இரண்டுக்கும் நல்ல ஹூகெ" என்றார். நெருங்கியிருந்து சுகம் காண்பதை டேனிஷ்காரர் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

என்னோடு அந்த வீட்டில் இருந்த அக்காவுக்கும் அதே எண்ணம்தான். அவருடைய புருஷனும் பிள்ளையும் மன்னாரில். விளக்கின் கீழே பெரியது சிறியதன் முதுகில் ஏறிப் படுத்தால் அக்காவுக்குக் கண் கலங்கிவிடும்.

"பார், எவ்வளவு பாசம்."

சிறியது அடிக்கடி ஒரு முன்கையைத் தூக்கி மெதுவாக அசைக்கும். உள்ளங்கை கீழே பார்க்க, நாங்கள் ஆட்களைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

"வா, வா எண்டு கூப்பிடுது," என்று அக்கா சிரிப்பார்.

நானும் முதலில் சிரித்தேன். பிறகு உற்றுப் பார்த்தேன். பெரியது கிட்ட வரும்போதுதான் அந்தக் கை எழும்பியது. வந்துகொண்டிருக்கிறவரை யாராவது வா என்று கூப்பிடுவார்களா? அது கெஞ்சியது. இலையையும் பூச்சியையும் பெரியதே தின்றது, விளக்கின் சூட்டையும் அதுவே பிடித்துக்கொண்டது. சிறியதற்கு வாலடியில் எலும்பு தெரிந்தது. இப்படியே விட்டால் செத்துவிடும்.

கீழறையில் யாரோ விட்டுப்போன மீன் தொட்டியைத் தூக்கி வந்து கழுவினேன். மேசை விளக்கை மேலே கட்டிச் சிறியதை அதில் விட்டேன். அக்கா வேலையால் வந்து பார்த்துவிட்டு அழுதார்.

"நீயும் அந்தக் கொப்பன்ஹேகன் அதிகாரிமாரை மாதிரிப் பிரிச்சுப்போட்டாய், என்ன?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அக்கா, உங்கட பிள்ளை உங்களிட்ட வரவேணும் எண்டு கேக்குது. இது தன்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்டது. ரெண்டும் ஒண்டோ?"

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. சிறியது தின்னத் தொடங்கியது.

கிழவர் திரும்பி வந்து இரண்டு பெட்டிகளைக் கண்டதும் முகம் சிவந்தார். "அவை ஒரு குடும்பம்," என்றார்.

"குடும்பம் எது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்," என்று என் அரைகுறை டேனிஷில் சொன்னேன்.

அவர் கேட்கவில்லை. சிறியதைத் தூக்கிப் பழைய பெட்டிக்குள் வைத்தார். பெரியது தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. சிறியதன் கை எழும்பியது.

நான் அசையுமுன் அக்கா பெட்டியடிக்குப் போய்விட்டார். கிழவரை விலக்கி, கையை உள்ளே விட்டு அதை வெளியே எடுத்தார்.

"அது கூப்பிடேல்லை, ஐயா," என்று அவருக்குத் தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். "கூப்பிடுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."