மாதாவை இறக்கிய நாள்

இலங்கை மலைநாட்டில், புசல்லாவைப் பாதையில் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம். பாதைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலை முன்னால் நின்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உருண்டைத் தூண்கள், வளைந்து வளைந்து ஏறும் நெற்றிச் சுவர், நடுவே மாதாவின் மாடம், மாடத்துக்கு மேலே பெரிய சுருள் வேலைப்பாடு. கோவாவில் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், அங்கே பார்த்ததை ஞாபகத்திலிருந்து வரைந்து கட்டுவித்தாராம். பின்பக்கம் போனால் வெறும் தகரக் கூரை. அந்த ஆடம்பரச் சுவர் கூரையைவிட உயரமாக, முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாமல் தனியே நின்றது. அதைப் பற்றி என்னைத் தவிர ஒருவருக்கும் கவலையில்லை. இந்த முறை மாதாவை இறக்க அதில் ஏறப்போவது என் புருஷன் அல்லவா!

திருநாளுக்கு முன்பு மாதாவின் சொரூபத்தை மாடத்திலிருந்து இறக்கித் துடைத்துப் பட்டு சாத்துவது வழக்கம். கயிற்றை அந்தச் சுருளின் மேல் போட்டு ஆண்கள் கீழே பிடித்துக்கொள்வார்கள். விரதம் இருந்த ஒருவர் மேலே நின்று சொரூபத்தை அணைத்து இறக்கிக் கொடுப்பார். மாதாவின் பாதம் தரையில் படும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தோட்டத்துக்கே ஆகாது.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்துச் சுவரெல்லாம் ஊறிக் கிடந்தது.

"சுவரு காயட்டுங்க, பெறகு ஏறலாம்" என்றேன்.

"மாதா காரியத்துல வாய வைக்காத" என்றார் அவர்.

ஏறினார். ஏணியிலிருந்து மாறி மாடத்தின் கீழ் விளிம்பில் கால் வைத்து நின்றார். கயிறு இறுக, சொரூபம் வெளியே வந்து தொங்கியது. எல்லோரும் கைகூப்பி மாதாவைப் பார்த்தார்கள். நான் சுருளைப் பார்த்தேன். கயிறு பட்ட இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு ஒரு வெடிப்பு ஓடியது. கருங்கல் என்று நாங்கள் நம்பியது செங்கல்தான். அவர் தலை அதற்கு நேர் கீழே இருந்தது.

பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நான் என்ன மண்பொம்மையா?

"மாதாவ விட்டுட்டு மாடத்துக்குள்ள போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

திடுக்கிட்டுக் கையை விட்டார். மாதா நின்றிருந்த மாடத்துக்குள் அவர் ஒடுங்கிக்கொண்டார். அடுத்த கணம் சுருள் பெயர்ந்து, அவர் நின்ற விளிம்பையும் உடைத்துக்கொண்டு, சொரூபத்தோடு கீழே விழுந்தது.

சனம் முழுவதும் சொரூபத்திடம் ஓடியது. பெண்கள் துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். "வாய வச்சா பாரு, பாவி" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். மேலே ஒரு மனுஷன் நடுங்கிக்கொண்டிருப்பதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானே ஏணியை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டேன்.

முகமெல்லாம் சுண்ணாம்போடு இறங்கி வந்தார். தரையில் கால் பட்டதும் அவர் கேட்டது, "மாதாவுக்கு என்ன ஆச்சு?"

அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பிறகு அதே கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். விடவே முடியவில்லை.