மாமி ஊதாத காய்

மார்கழியில் ஆலங்குடாவின் விடியற்காலை சற்றுக் குளிராக இருக்கும். அந்த நேரத்தில் என் டெப்லட்டின் கண்ணாடிக்கு அருகே குனிந்து ஊதினால், சின்னப் பப்படம் அளவில் ஒரு வெண்மை படியும். மூன்று எண்ணி முடிப்பதற்குள் மறைந்துவிடும். அதை முதலில் எனக்குக் காட்டியவர் என் மாமி, வாப்பாவின் ராத்தா, அதாவது அக்கா.

மாமியும் மாமாவும் ஒவ்வொரு நாளும் பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, கிணற்றடி வாங்கில், கட்டங்களில் காய் தாண்டி வெட்டும் டாம் பலகையோடு உட்கார்வார்கள். பகடை உருட்டும் விளையாட்டு எங்கள் குடும்பத்தில் ஆகாது. ஆகவே டாம் ஒன்றுதான். சோடா மூடிகள்தான் காய்கள், மாமாவுக்குச் செம்மஞ்சள், மாமிக்குப் பச்சை. எங்கள் பக்கத்து டாமில் ஒரு சட்டம் உண்டு. எதிராளியின் காயை வெட்ட வாய்ப்பிருந்தும் ஒருவர் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டால், மற்றவர் வெட்டத் தவறிய அந்தக் காயைத் தூக்கி, வாயால் ஒரு தரம் ஊதி, பலகைக்கு வெளியே வைத்துவிடலாம். மாமா ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது மறப்பார். "கடல்ல மறையிற போட்டெல்லாம் தெரியிது, மூக்குக்கு முன்னால ஈக்கிற மூடி தெரியிதில்ல" என்று மாமி ஊதுவார். மாமா தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய காலத்தில் மாமா மௌத்தானார். மாமி இத்தா இருக்க எங்கள் வீட்டு உள்ளறைக்கு வந்தார். கணவனை இழந்தவள் பிற ஆண்கள் காணாமல் இருக்கவேண்டிய நான்கு மாதம் பத்து நாள். பலகை அலுமாரியின் மேலே போனது. என்னோடு விளையாட அவருக்கு விருப்பமில்லை. "நீ மறக்கவே மாட்டாய் புள்ள. உன்னோட என்னத்த விளையாடுற" என்றார். உண்மைதான். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்குவேன்.

மாமிக்கு டெப்லட்டில் ஒரு டாம் வாங்கவும் பட்டியல் போட்டேன். பகடை கூடாது. விளம்பரம் கூடாது, இலவசமாகக் கிடைத்தவற்றில் நாலு நகர்த்தலுக்கு ஒருமுறை யாராவது வந்து ஆடிவிட்டுப் போனார்கள், இத்தா அறைக்கு அது சரிவராது. காய்கள் பெரிதாகத் தெரியவேண்டும். ஊதும் சட்டம் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பெரும்பாலானவற்றில், வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டாமல் நகரவே விடாது. மூன்றைப் பார்த்துக் கழித்து நான்காவதை வாங்கினேன்.

துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண், "இத்தாவுல ஈக்கிறவக்கு விளையாட்டுக் கேக்குதாக்கும்" என்றார். "ஓதுற நேரம் ஓதுறன். மத்த நேரம் சுவர எண்ணவா?" என்று மாமி காயை நகர்த்தினார்.

ஆனால் இயந்திரம் மறக்கவில்லை. முதல் வாரம் முழுக்க மாமியால் ஒருமுறைகூட ஊத முடியவில்லை. திறனை ஆகக் குறைந்த மட்டத்துக்கு இறக்கினேன். முட்டாள்தனமாகத் தோற்றதே தவிர, வெட்ட மறக்கவில்லை. அமைப்புகளில் வேறு சிலவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் உள்ளறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. மாமா போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"இது இண்டைக்கு யோசிக்குது மகள். யோசிச்சு யோசிச்சுப் பிழை விடுது. மூணு தரம் ஊதிட்டன்."

நான் செய்த மாற்றம்தான் பலித்தது என்று எண்ணிக்கொண்டேன். அதன் பின் மாமியின் பின்னேரங்கள் வேறு மாதிரி நகர்ந்தன. ஜன்னல் திரையின் மேல் இடுக்கில், தென்னைகளுக்கு அப்பால், கடலில் சறுக்குகிறவர்களை இழுத்துப்போகும் பட்டங்கள் மிதக்கும். கயிறும் தெரியாது, பிடித்திருக்கும் ஆளும் தெரியாது. மாமி அவற்றைப் பார்த்தபடி எதிர்ப் பக்கம் யோசித்து முடிக்கக் காத்திருப்பார். பிறகு கண்ணாடியருகே குனிந்து மெல்ல ஊதி, விரலால் தொட்டுக் காயை அகற்றுவார். அந்த அறையில் நேரம் நனைந்த துணியின் கனத்தை விட்டு, காற்றில் உலர்வதுபோல இருந்தது.

இத்தா முடிய மூன்று வாரம் இருந்தபோது, மாமி அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்க எழுந்து போனார். மின்கலம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க டெப்லட்டை எடுத்தேன். எதிராளியின் இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பையின் படம், அருகில் சிறு பச்சைப் புள்ளி. என் பட்டியலில் நான் போடாத ஒரு வரி அமைப்புகளில் இருந்தது. எதிராளியைத் தானாகத் தெரிவு செய்யும் வசதி, நான் மாற்றியவற்றோடு அதுவும் இயங்கத் தொடங்கியிருந்தது. இணைய இணைப்பு உள்ளவரை அது உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பிடித்துக் கொடுக்கும். இத்தாவில் இருக்கும் மாமியை இத்தனை நாளும் முகம் தெரியாத ஒருவரோடு உட்கார வைத்திருக்கிறேன்.

அது ஆணா பெண்ணா என்று அறிய வழியில்லை. பெயருக்குப் பதில் எண்கள். சொன்னால் மாமி தன் இத்தா கெட்டுவிட்டது என்று நொந்து போவார். சொல்லாவிட்டால் அந்தப் பாரம் என்னோடு நிற்கும். இணைப்பைத் துண்டித்தேன், வசதியை நிறுத்தினேன், எதுவும் சொல்லவில்லை.

"மெஷின் மாறிட்டுது" என்றார் மாமி மறுநாள்.

"புது அப்டேட் மாமி."

இரண்டு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு டெப்லட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மிச்ச நாட்களில் அவர் பட்டங்களைக்கூடப் பார்க்கவில்லை. நான் காப்பாற்றியது அவருடைய இத்தாவையா, என்னையா என்று எனக்கே தெரியவில்லை.

இத்தா முடிந்த மறுநாள், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, பிளேன்டீயோடு அவரருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

"தெரியா மாமி."

"தெரியாம நடந்தத அல்லாஹ் மன்னிப்பான்." பிறகு, "விளையாட்ட எப்படி நிப்பாட்டின?" என்றார்.

"லைனக் கட் பண்ணினன்."

"நடுவுலயா?"

"ஓம்."

"ஒரு மனுசன் குந்தி யோசிச்சிட்டு ஈக்கக்குள்ள பலகையத் தூக்கிட்டு வந்திட்டியே மகள்."

பாவத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும்தான் நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். விளையாடி முடித்தவற்றின் பட்டியலைத் திறந்து, அந்தத் தேநீர்க் கோப்பையோடு விளையாடிய கடைசிப் பலகையைக் காட்டினேன். மேலே, 'நீங்கள் வெளியேறினீர்கள்' என்றிருந்தது. மாமி கண்ணாடியை இடுக்கிய கண்ணோடு பார்த்தார். பிறகு விரலை ஒரு காயின் மேல் நிறுத்தினார். மாமியின் காயை வெட்டியிருக்க வேண்டிய, எதிராளியின் காய். வெட்டாமல் வேறெதையோ நகர்த்திவிட்டு, மாமிக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"மறந்ததா, விட்டுத்தந்ததா?" என்றேன்.

"உங்க மாமாட்டயும் நான் கேக்கல்ல" என்றார் மாமி. குனிந்து ஊதினார். வெண்மை படிந்து, விலகியது. காய் அங்கேயே நின்றது.

மாமி இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறார். பலகையும் மூடிகளும் அவரோடு போய்விட்டன. அந்தத் தேநீர்க் கோப்பையைப் பல மாதம் தேடினேன், அகப்படவில்லை. விளையாட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. இன்று காலையும் அந்தக் கடைசிப் பலகையைத் திறந்து, அதே காயின் மேல் ஊதினேன். கண்ணாடி தெளியும்வரை, அது போய்விட்டது போலத்தான் இருந்தது.